கொட்டிவிட்டு முதலிலிருந்து

எல்லாத்துக்கும் நீங்கதான் காரணம். ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன். உங்கள் பேர் தெரியாது. ஊர் தெரியாது. வெள்ளைத் தாடி தெரியும். மூக்குக் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த இன்னொரு கண்ணாடி தெரியும். ஒரு குடும்பஸ்தனைக் கொண்டுபோய் மேசை முன்னால் உட்காரவைத்துவிட்டு, எங்கே போய் ஒளிந்துகொண்டீர்கள்?

போன ஆவணியில் ஒரு மழை மத்தியானம் என் போனுக்குள் நீங்களாகவே வந்தீர்கள். நான் தேடியது மக்காச்சோள விலை. வந்தது தாடி. மரத்தால் கட்டிய சின்ன அறை. சன்னலுக்கு வெளியே பனி, பஞ்சுக் குடோனில் காற்று புகுந்ததுபோல. மேசைமேல் பித்தளைத் தோட்டாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் எங்கள் ஊர் முருங்கைக்காயை ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கி நிறுத்தினதுபோல. யானையையே யோசிக்கவைக்கிற துப்பாக்கிக்காம், மேலே தமிழில் போட்டிருந்தது. நீங்கள் பேசினதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் கை! வெடிமருந்தை அள்ளி, நிறுத்து, தோட்டாக் கூட்டுக்குள் விடுகிற கை. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற கை. தராசு ஆடி நிற்கிறவரை நீங்கள் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை.

அந்த அறையில் யாருமே உங்களோடு பேசவில்லை. அதுதான் என்னை அடித்துப்போட்டது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பேர் சின்னதுரை. கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி ஆரம்பித்தவன். அஞ்சாவதுக்கு மேல் என்னைப் படிக்கவைத்தது வாங்கின அடிதான். இன்றைக்கு மரவள்ளியோ சோளமோ, நான் விலை சொன்னால்தான் லாரி நகரும். கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. கொஞ்சம் என்றால், உளுந்தூர்பேட்டையில் நான் போட்ட சத்தத்துக்கு டிரைவர் இல்லாத பஸ் கிளம்பிப் போயிருக்கிறது. பேரத்தில் என்னை ஜெயித்தவன் கிடையாது. வீட்டுக்கு வெளியே.

வீட்டுக்கு உள்ளே ஆண்டாள் இருக்கிறாள். என் மனைவி. பேர் வைத்தவர்கள் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் சோளக்கொல்லை. கொல்லையை ஒட்டி வீடு. விடியற்காலையில் மலையிலிருந்து மேகம் இறங்கி, சோளக்கதிர்களைத் தடவிக்கொண்டு எங்கள் வாசல்வரைக்கும் வரும். பார்த்தால் கண் சொருகும். அந்த மேகத்துக்குப் பின்னாலேயே காட்டுப்பன்றிகளும் வரும். சோளத்தைத் தின்னும். தின்னாததைச் சாய்த்துவிட்டுப் போகும்.

அப்பாவிடமிருந்து முறையாக என் பேருக்கு மாற்றின லைசென்சோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி எங்களிடம் உண்டு. இதற்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, தேங்காய் நாரை வைத்துக் கெட்டிக்க வேண்டும். ஈய ரவை போடுவதில்லை. பன்றிமேல் ஒன்று பட்டால் வனத்துறை என்மேல் படும். சத்தத்துக்கு மட்டும்தான். டமால் என்று ஒன்று போட்டால் பன்றிகள் ஒரு வாரம் மலையிலேயே விரதம் இருக்கும்.

இதுநாள்வரை குத்துமதிப்பாகத்தான் கெட்டித்துக்கொண்டிருந்தேன். போன வருசம் மதிப்பு கூடி, குத்து என் முகத்துக்கு வந்தது. இடது புருவம் போயிற்று. திரும்ப முளைத்தது. ஆனால் வானத்தைப் பார்த்து முளைத்தது. அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் ஆச்சரியத்தோடு சொல்வதாக மார்க்கெட்டில் நினைக்கிறார்கள்.

ஆண்டாளுக்கு வேறு யோசனை. அவள் தம்பி ஜீவா, சோலார் வேலி போடுகிறவன்.

“ஜீவாகிட்ட சொன்னா ரெண்டே நாள்ல வேலி போட்டுக் குடுத்துருவான். பன்னி தொட்டா சுருக்குனு இருக்கும், சாவாது. துப்பாக்கியும் வேணாம், புருவமும் போவாது.”

“ஒன் தம்பிகிட்ட பேரம் பேச முடியுமாடி?”

“மச்சான்கிட்ட போயி எவனாவது பேரம் பேசுவானா?”

“அப்ப வேணாம். பேரம் பேசாம நான் உப்புகூட வாங்கினதில்ல.”

அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் வந்தீர்கள். பார்த்ததும் முடிவெடுத்தேன். இனிமேல் குத்துமதிப்பு கிடையாது. எல்லாம் விதிப்படி. என் ஆயுசுக்குள் ஒரு தடவையாவது, உங்களைப்போல, யாரும் குறுக்கே வராத ஒரு அறையில், ஒரு முழுக் கெட்டிப்பை என் கையால் சுத்தமாகச் செய்து முடிப்பேன். சோளம் முற்றுவதற்குள்.

உங்கள் பேச்சுக்குக் கீழே தமிழ் எழுத்து ஓடியது. மூட்டைமேல் எழுதினதை நான் படிப்பேன். மூட்டை ஓடாது. உங்கள் எழுத்து ஓடியது. கையைப் பார்ப்பதா, எழுத்தைப் பார்ப்பதா? திருக்கோவிலூரில் பன்னிரண்டாவது முடித்தவள் வீட்டில் இருக்கும்போது எனக்கென்ன கவலை? ஆண்டாளைக் கூப்பிட்டேன். அவள் போனைச் சொம்பில் சாய்த்துவைத்து, அவரைக்காய் ஆய்ந்துகொண்டே படித்தாள். நான் சாக்பீசால் தீவன அறைக் கதவில் எழுதினேன்.

“மேசமேல ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணுமாம்.”

“செரி.”

“கிட்டக்க அடுப்பு, பீடி ஒண்ணும் ஆவாதாம்.”

“செரி.”

“கண்ணுக்குக் கண்ணாடி போடணுமாம். ஒங்க புருவத்தப் பாத்துட்டுதான் சொல்றாரு போல.”

“எழுத்த மட்டும் படி.”

“ஒவ்வொரு வாட்டியும் நிறுத்துதான் போடணுமாம். நடுவுல யாராவது பேசிட்டா, கொட்டிட்டு மொதல்லேருந்து ஆரம்பிக்கணுமாம்.”

சாக்பீஸ் நின்றது. “யாராவதுன்னா?”

“யாராவதுன்னா யாராவதுதான்.”

“பொண்டாட்டி?”

“அந்த மனுசனுக்குப் பொண்டாட்டி இருக்கறாப்ல தெரியல. எழுதுங்க. அப்பறம், கோவமா இருக்கறவன் மருந்தத் தொடவே கூடாதாம்.”

அதையும் எழுதினேன். எனக்குத் தோதான விதி இல்லை. ஆனால் அத்தனை பெரிய தோட்டாவைக் கட்டி ஆள்கிற மனிதர் காரணம் இல்லாமல் சொல்லமாட்டார் என்று நினைத்தேன்.

“ஏங்க, ஒரே ஒரு வார்த்த பேசினாக்கூட கொட்டணுமா?” என்று ஆண்டாள் கேட்டாள்.

“இருமினாக்கூட.”

“செரி,” என்றாள்.

இருபத்தாறு வருசக் குடும்பத்தில் அவள் ஒரே சொல்லில் ‘செரி’ சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தீவன அறையைக் கழுவிவிட்டேன். மேசை போட்டேன். கொத்தனார் சாமான் விற்கிற கடையில் தூசி மறைக்கிற கண்ணாடி, பழைய நகைக்கடைத் தராசு ஒன்று, எல்லாம் பேசி வாங்கினேன். ஒரு காலை உட்கார்ந்தேன். சன்னலுக்கு வெளியே மலை இல்லை, மேகம்தான் இருந்தது. கண்ணாடி போட்டதும் எல்லாம் லேசாக மஞ்சளாக, பழைய போட்டோவுக்குள் நுழைந்ததுபோல ஆயிற்று. சோளக்கொல்லை அசைந்தது. அது சோளக்கொல்லை இல்லை, ஆப்பிரிக்காப் புல்வெளி. தூரத்தில் யானைகள் நடந்தன. என்னைப் பார்த்ததும் ஒன்று மரியாதையாக ஒதுங்கி நின்றது. தராசில் மருந்து, எள்ளைவிடப் பொடி, ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்தது. முள் ஆடியது. ஆடியது. நிற்கப்போகிறது.

“ஏங்க, பெருங்காய டப்பாவப் பாத்தீங்களா?”

யானைகள் போய்விட்டன.

“பேசிட்டியேடி.”

“ஐயோ, ஆமா. விதி. கொட்டுங்க, கொட்டுங்க.”

கொட்டினேன். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி முள் நிற்கப்போகிற நேரம், கதவோரம் நிழல்.

“இன்னா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. பெருங்காயம் கெடச்சிருச்சின்னு சொல்ல வந்தேன். நீங்க வேலையா இருக்கீங்களேன்னு சொல்லாமப் போறேன்.”

கொட்டினேன். எனக்குக் காதுக்குள் புகை வந்தது.

“கோவமா இருக்கீங்களா?”

“இல்ல.”

“இல்லன்னு சொல்றதே கோவமா இருக்குதே.”

“இல்லடீ.”

“அந்தக் கடைசி ‘டீ’ய கவனிச்சீங்களா? இன்னிக்குத் தொடாதீங்க. நான் சொல்லல, கதவு சொல்லுது.”

இப்படியே போயிற்று. நான் உட்கார்ந்தால் அவளுக்குக் கேள்வி பிறந்தது. பால்காரர் வந்தாரா. பவர்கட் எப்போது. ‘எங்க சித்தி மவ ரம்யா கல்யாணம் வர்ற முகூர்த்தமா அடுத்த முகூர்த்தமா’. நான் யோசித்து, விடிகிற நேரத்துக்கு எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் அறைக்குள் போய்ப் பார்த்தேன். வாசலில் டம்ளரோடு நின்றாள்.

“டீ.”

ஒரே சொல். அதுவும் மேசை அருகே சூடான எதுவும் வரக்கூடாது என்பதால் வாசற்படிக்கு வெளியே நின்று சொன்னாள். விதியை அவளைப்போல மதிக்கிறவர்கள் கிடையாது.

‘கொட்டாமல் மேலே போடுவதுதானே, பெரிய ஆம்பளையே’ என்று நீங்கள் கேட்கலாம். அதையும் செய்தேன். ஒரு நாள் அவள் கூப்பிட்டதைக் காதில் வாங்காததுபோல, மருந்தைக் குழலுக்குள் விட்டேன். அவள் சத்தம் போடவில்லை. அருகே வந்து, ரகசியம்போல மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க, இப்ப ஒரு தடவ போட்டீங்களா, ரெண்டு தடவையா?”

யோசித்தேன். ஒரு தடவை. இல்லை, அவள் கூப்பிடுவதற்கு முன்னால் ஒன்று, கூப்பிட்டதற்குப் பிறகு ஒன்று. இல்லை, முன்னால் நிறுத்தது தராசிலேயே இருக்கிறது. தராசு காலி. என் இடது புருவம் தானாக மேலே ஏறியது. ரெட்டை மருந்து விழுந்திருந்தால் போவது புருவம் மட்டும் இல்லை. குழலைக் கவிழ்த்து, தட்டித் தட்டி, கடைசிப் பொடிவரைக்கும் கொட்டினேன். அன்றைக்குத்தான் உங்கள் விதி சரியான விதி என்று எனக்கு எலும்பில் இறங்கியது. அதற்குப் பிறகு அதை மீறும் தைரியம் எனக்கு வரவில்லை. இது ஆண்டாளுக்கும் தெரிந்துபோயிற்று.

பக்கத்துக் கொல்லை இருசப்பன் வரப்பில் நின்று கூப்பிட்டான்.

“இன்னா சின்னதுர, பன்னிங்க ஒங்க கொல்லையில பந்தி போட்டுக்கினு இருக்குது. துப்பாக்கி இன்னாச்சி?”

“கெட்டிச்சிக்கினு இருக்கேன்.”

“ஒரு மாசமாவா? பீரங்கி எதுனா பண்றியா?”

“விதிப்படி பண்றேன்.”

“விதின்னுதான் நானும் நெனச்சேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மேற்குப் பக்கம் முழுக்கச் சாய்ந்து கிடந்தது. பால் பிடித்த கதிர்கள். நடுவில் போய் நின்றேன். மேகம் இறங்கி என் தோளில் கை போட்டது. இன்னும் சில வாரம் இப்படியே போனால் அறுக்கத் தட்டைதான் மிஞ்சும். வேறு வழி இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்ய வேண்டியதுதான். பேரம்.

மாட்டுச் சந்தையில் நாங்கள் வாயால் விலை சொல்ல மாட்டோம். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துச் சொல்வோம். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. துண்டுக்குள் என்னை மிஞ்சினவன் இந்தத் தாலுகாவில் இல்லை. சமையலறை வாசலில் ஆண்டாளின் எதிரே உட்கார்ந்து துண்டை விரித்தேன்.

“ஒரு மணி நேரம் எங்கூட பேசாம இருக்கணும். இன்னா வேணும், சொல்லு.”

“நான் இன்னாங்க கேட்டேன்?” என்று அரிசியில் கல் பொறுக்கினாள்.

“பட்டுப் பொடவ.”

பொறுக்கினாள்.

“ரெண்டு பொடவ.”

பொறுக்கினாள். ஒரு கல் கிடைத்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“கம்மல். கம்மலும் பொடவையும். கைய உள்ள வுடு, விரலப் புடிச்சிச் சொல்லு.”

முதலில் விலை சொல்கிறவன் தோற்பான் என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவன், மூன்று விலையை நானே சொல்லியிருக்கிறேன். பேரத்தில் எதிராளி ஒருவர்கூட இல்லாமல் நான் மட்டும் ஏறிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆண்டாள் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, துண்டுக்குள் கையை விட்டாள். என் கைக்கு விரல் அகப்படவில்லை. கெட்டியாக ஒரு அட்டை அகப்பட்டது. வெளியே எடுத்தேன். பச்சை எழுத்து. நல்லவேளை, ஓடவில்லை. ‘ஜீவா சோலார் வேலி. உங்கள் பயிர், எங்கள் பொறுப்பு.’

“மலையோரம் மட்டும் போட்டா போதும்,” என்றேன்.

“சுத்தி.”

“பாதி சுத்தி.”

“ஏங்க, அன்னிக்கு ஒரு தடவ போட்டீங்களா, ரெண்டு தடவையா?”

“செரி, சுத்தி. ஆனா வெல நான் பேசுவேன்.”

“அவன் சொன்ன வெல. ஒரு பைசா கம்மி பண்ணக்கூடாது. மொதல்ல வேலி, அப்பறம் ஒரு மணி நேரம்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். தூக்கில் போடுவதற்கு முன்னால் கறுப்புத் துணி போடுவார்களாமே, அப்படி இருந்தது.

ஜீவா வந்தான். கம்பி வந்தது. அனுமதிச் சீட்டு, எச்சரிக்கைப் பலகை, எல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்தது. ஆமாம், ஏற்கெனவே. அவன் விலை சொன்னான். என் நாக்கு உள்ளே துடித்தது. ஆண்டாள் என்னைப் பார்த்தாள். கொடுத்துவிட்டேன். இந்தக் கள்ளக்குறிச்சி ஜில்லாவில் சின்னதுரை பேரம் பேசாமல் வாங்கின முதல் பொருள் அது. சேதி மார்க்கெட்டுக்குப் போய், அடுத்த நாள் ஒருவன் என்னிடம் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

பிறகு என் ஒரு மணி நேரம் வந்தது.

ஆண்டாள் பேச்சு மாறவில்லை. நாயை அவிழ்த்து இருசப்பன் வீட்டில் கட்டினாள். போன்கள் எல்லாவற்றையும் அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். குக்கரிலிருந்து விசிலைக் கழற்றினாள். அடுப்பையே அணைத்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அந்த மாதிரி அமைதியை நான் கேட்டதில்லை. மேகம் சன்னலைத் தாண்டி உள்ளே வந்து மேசையோரம் உட்கார்ந்தது. ஒரு டப்பா. ஒரு தராசு. என் கை என் கையாக இல்லை, உங்கள் கையாக இருந்தது. மருந்து விழுகிற சத்தம்கூடக் கேட்டது, தூரத்தில் தூறல் போடுவதுபோல. வெளியே புல்வெளி வந்தது. யானைகள் வந்தன. எனக்குக்கூட ஒரு வெள்ளைத் தாடி முளைத்துவிட்டதுபோல முகம் குறுகுறுத்தது. முள் ஆடியது. நின்றது. நின்றேவிட்டது. குழலை நிமிர்த்தி மருந்தை விட்டேன். ஒரு தடவை. நன்றாகத் தெரியும், ஒரே தடவை. இனி நாரை வைத்துக் கெட்டிப்பதுதான் பாக்கி.

நாரைக் கையில் எடுத்தேன்.

வீட்டில் சத்தம் இல்லை. பாத்திரம் இல்லை. வளையல் இல்லை. இத்தனை நேரமா? புல்வெளியில் யானைகள் நின்று திரும்பிப் பார்த்தன. ஒருவேளை கிணற்றடிக்குப் போயிருப்பாளோ? அங்கே பாசி. வழுக்கும். போன வாரம்தான் ‘படிய தேய்க்கணும்’ என்று சொன்னாள், நான் கோபத்தில் காதில் வாங்கவில்லை. தலைசுற்றல் வேறு உண்டு அவளுக்கு. மாத்திரை போட்டாளா? நாலு யானையும் ஒரே குரலில் ‘மாத்திரை போட்டாளா’ என்று கேட்டன.

“ஆண்டா,” என்று கூப்பிட்டுவிட்டேன். “எங்கடி இருக்க?”

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு அடி தூரத்திலிருந்து, நிதானமாகப் பதில் வந்தது.

“இங்கதாங்க உக்காந்துக்கினு இருக்கேன். பேசிட்டீங்களே. கொட்டுங்க.”

கொட்டினேன்.

“இன்னொரு மணி நேரம் குடு,” என்றேன்.

“அது புதுப் பேரம். அதுவும் எதுக்குங்க? வேலி போட்டப்பறம் ஒரு பன்னியாவது வந்துச்சா?”

வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. மிச்ச சோளம் அப்படியே நிற்கிறது. அதுவும் ஒரு எரிச்சல்.

அன்றைக்குச் சாப்பிடும்போது ஜீவா வாயைத் திறந்தான்.

“அந்தத் தாடிக்காரர் வீடியோ நானும் பாத்தேன் மாமா. நல்லாத்தான் சொல்றாரு, ஒரு டப்பா, நெருப்பு கூடாது, கண்ணாடி. ஆனா கோவத்தப் பத்தி ஒண்ணுமே சொன்னாப்ல தெரியலியே.”

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். “நடுவுல பேசினா கொட்டணும்னு?”

“அது… நான் பாதிதான் பாத்தேன் மாமா. அதுக்குள்ள அக்கா சாப்டக் கூப்ட்ருச்சி.”

ஆண்டாளைப் பார்த்தேன். அவள் எனக்கு ரசம் ஊற்றினாள். நான் கேட்காமலே ஊற்றினாள்.

கை கழுவினதும் ஓடிப்போய், பானைக்குள்ளிருந்து போனை எடுத்து உங்களைத் தேடினேன். நீங்கள் இல்லை. துப்பாக்கி, தோட்டா என்று இருந்ததால் யாரோ வீடியோவைத் தூக்கிவிட்டார்களாம். பனி இல்லை, அறை இல்லை, தாடி இல்லை. கதவில் என் கையெழுத்து மட்டும் இருக்கிறது. அதில் உங்களுடையது எது, என் மனைவியுடையது எது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கொட்டுகிற விதி சரியான விதி, அதில் சண்டை இல்லை. ஆனால் ஒரு வார்த்தைக்குமா? டீ என்றாலுமா? கட்டினவளைக் காணோமே என்று பயந்து ஒருவன் கூப்பிட்டாலுமா? கோபக்காரன் தொடக்கூடாது என்று நீங்கள் சொன்னீர்களா, இல்லை, இருபத்தாறு வருசமாக அவள் என்னிடம் சொல்ல நினைத்ததை உங்கள் வாயில் வைத்துச் சொன்னாளா?

தாடிக்காரரே, இதை நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும். எங்கே இருந்தாலும் வெளியே வாருங்கள். மறுபடி அந்த மேசையில் உட்காருங்கள். நீங்கள் சொன்னது எது, சொல்லாதது எது, ஒவ்வொன்றாக இந்தச் சின்னதுரைக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். அதுவரைக்கும் துப்பாக்கி காலியாகவே கிடக்கும்.

ஒன்றே ஒன்று. கீழே ஓடுகிற தமிழ் எழுத்து கொஞ்சம் மெதுவாக ஓடட்டும். வேகமாக ஓடினால் மறுபடியும் அவளைத்தான் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.